ஜன்னலில் மட்டும் காடை

கிளைவ் ட்ரெலோருக்கு எழுத்தைப் பார்க்கத் தெரியும். படிக்க மட்டும் வராது.

பள்ளிக்கூடம் போகாதவர் என்று நினைத்துவிட வேண்டாம். தெற்கு ஆஸ்திரேலியாவில், கடீனா என்ற ஊரில் மூன்று தலைமுறையாகக் கோதுமை விதைத்த குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவர் அவர்தான். அடிலெய்டில் நான்கு வருடம் எழுத்து வடிவமைப்புப் படித்துப் பட்டத்தோடு ஊருக்குப் போய் நின்றபோது, டிராக்டருக்கு அடியில் படுத்திருந்த அப்பா தலையை மட்டும் வெளியே நீட்டினார்.

"நாலு வருஷமா என்னடா படிச்ச?"

"எழுத்துப்பா."

"அத ஒண்ணாங்கிளாஸ்லயே சொல்லிக் குடுத்துட்டாங்களேடா?"

கேட்டுவிட்டு அவர் பாட்டுக்கு மறுபடி டிராக்டருக்கு அடியில் போய்விட்டார். ஆனால் அவர் மனசுக்குள் பெருமை இல்லாமல் இல்லை. சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்ட ஆணிகூட அடித்து வைத்தார். மாட்ட விடாதது கிளைவ்தான். சான்றிதழில் தன் பெயரின் முதல் இரண்டு எழுத்துகளுக்கு நடுவே மயிரிழை இடைவெளி அதிகம் என்று கண்டுபிடித்து, கல்லூரிக்கு மூன்று பக்கம் கடிதம் எழுதினார். பதில் வரவில்லை. ஆணி வெறும் ஆணியாகவே துருப்பிடித்தது.

வியாதி அப்போதே ஆரம்பித்துவிட்டது. எழுத்து கண்ணில் பட்டால் அதன் வயிறு, வால், தோள்பட்டை, பக்கத்து எழுத்தோடு அது வைத்திருக்கும் உறவு எல்லாம் தெரியும். என்ன சொல்கிறது என்பது மட்டும் தெரியாது. ஒருமுறை சாலை முக்கில் ஸ்டாப் என்று எழுதியிருந்த சிவப்புப் பலகையைத் தாண்டி விர்ரென்று போனார். போலீஸ்காரர் மடக்கினார்.

"பலகையப் பாக்கலயா?"

"பாத்தேனே. ரெண்டாவது எழுத்தும் மூணாவது எழுத்தும் ஒண்ண ஒண்ணு இடிச்சிக்கிட்டு நிக்குது. அநியாயம்."

போலீஸ்காரர் ஊதிக் காட்டச் சொன்னார். ஒன்றும் இல்லாததுதான் அவருக்குப் பெரிய சந்தேகமாகப் போயிற்று.

இன்னொரு தடவை ரத்தப் பரிசோதனை முடிவு தபாலில் வந்தது. கிளைவ் அரை மணி நேரம் அந்தத் தாளைப் பார்த்துவிட்டு, "என்ன கேவலமான எழுத்து, இதப் போய் ஒரு ஆஸ்பத்திரி..." என்று குப்பையில் போட்டார். மனைவி லியோனி அதைப் பொறுக்கியெடுத்துப் படித்தபோதுதான் அவருக்குச் சர்க்கரை இருப்பது வீட்டுக்குத் தெரிந்தது.

இப்படிப்பட்டவர் இருபத்தாறு வருடம் என்ன வேலை பார்த்தார்? அடிலெய்டின் பிராஸ்பெக்ட் பகுதியில் வீட்டுக்குப் பின்னால் இருந்த தகரக் கொட்டகையில் உட்கார்ந்து, வீட்டுத் தரகர்களுக்கு விற்பனைப் பலகை, பல் மருத்துவருக்கு முகவரி அட்டை, பள்ளிக்கூடத்துக்கு ஆண்டு மலர் என்று வடிவமைத்துக் கொடுத்தார். வீடு விற்றதும் பலகையைப் பிடுங்கிவிடுவார்கள். ஆக, கிளைவின் படைப்பு எதுவும் ஆறு வாரத்துக்கு மேல் பூமியில் நின்றதில்லை.

அவருக்கு ஒரே ஒரு ஆசைதான். தெருவில் போகிறவர்கள் நின்று, "இது கிளைவ் ட்ரெலோர் பண்ணினது" என்று சொல்லும்படி ஒன்று. ஒன்றே ஒன்று. அதற்கு வழி, மாநில எழுத்துக்கலைப் பேரவை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை கொடுக்கும் பரிசு. அந்தப் பேரவை போட்டோவை நம்பாது. நடுவர்கள் மூன்று பேர் நேரில் வந்து, படைப்பு இருக்கும் இடத்திலேயே பார்ப்பார்கள். கிளைவ் ஐந்து முறை விண்ணப்பித்திருந்தார். கடைசி முறை ஒரு பிளம்பரின் வேனில் எழுதியதை அனுப்பினார். நடுவர்கள் கறுப்புச் சட்டை, கறுப்புக் கால்சட்டையில் வந்து இறங்கிய நேரத்தில், வேன் வேறெங்கோ கக்கூஸ் அடைப்பு எடுக்கப் போயிருந்தது.

"அடுத்த தடவ நகராத பொருளா பாத்து எழுது" என்றார் லியோனி.

அந்த நகராத பொருளாகக் கிடைத்ததுதான் நுன்சியா மெத்சினாவின் உணவகம். செமஃபோரில், கடற்கரைக்கு இரண்டு கட்டடம் முன்னால், அவளுடைய அப்பா நாற்பது வருடம் மீன் விற்ற கடை அது. சுவரில் மீன் என்று ஒரே வார்த்தையைச் சுண்ணாம்பு உருளையால் சிவப்பில் இழுத்து வைத்திருந்தார் அந்த மனிதர். மகள் சுவரை இடித்து, நாற்பது நாற்காலி போட்டு, பெரிய கண்ணாடி ஜன்னல் வைத்தாள். படகு காலையில் எதைக் கொண்டுவருகிறதோ அதுதான் அன்றைய சமையல் என்பது அவளுடைய கொள்கை. மீன் தவிர வேறு எதுவும் அந்த அடுப்பில் ஏறாது.

"எங்கப்பா ஒரு வார்த்த எழுதினாரு, கூட்டம் வந்துச்சு" என்றாள் கிளைவிடம். "இப்ப எவனப் பாத்தாலும் அடையாளம், அடையாளம்ங்கிறான். அதனால எனக்கும் ஒரு அடையாளம் பண்ணிக் குடு. சீக்கிரம் குடு."

கிளைவ் ஏழு வாரம் கழித்து மூன்று அட்டைகளோடு வந்தார். இந்தத் தொழிலில் இது ஒரு சம்பிரதாயம். முதல் அட்டை, பார்த்ததும் கொட்டாவி வரும்படி இருக்கும். இரண்டாவது, பார்த்ததும் பயம் வரும். மூன்றாவதுதான் வடிவமைப்பாளர் மனசில் இருப்பது. வாடிக்கையாளர் இரண்டைத் தள்ளிவிட்டு மூன்றாவதைத் தானே கண்டுபிடித்ததாக நினைத்துச் சந்தோஷப்பட வேண்டும்.

நுன்சியா மூன்றையும் மேசையில் பரப்பி ஒரு நிமிடம் பார்த்தாள். மீன் சந்தையில் வளர்ந்தவள்.

"முதல் ரெண்டும் நான் வேணாம்னு சொல்றதுக்குத்தானே கொண்டாந்த?"

கிளைவுக்கு முகம் சிவந்தது. "அப்படின்னு இல்ல..."

"அழுகின மீன ரெண்டு மேல போட்டு நல்ல மீன அடியில வெச்சு விக்கிறது எங்க மாமா பண்றதுதான். மூணாவத இப்பிடித் தள்ளு. இது என்ன கலர்?"

"மழைக்கு முந்தின சிப்பி."

"சாம்பல்னு சொல்லு."

"சாம்பல்தான்" என்று ஒப்புக்கொண்டார் கிளைவ், பல்லைப் பிடுங்கக் கொடுத்தவர் போல.

ஆனால் எழுத்து நன்றாக இருந்தது. அதை நுன்சியாவும் மறுக்கவில்லை. கிளைவ் தன் கையால் ஒவ்வொன்றாக வரைந்த எழுத்து. நீரில் திரும்பும் மீன்போல ஒவ்வொன்றும் மெல்ல வளைந்திருந்தது. வால் உள்ள எழுத்துகளில்தான் அவருடைய உயிர் இருந்தது. அதிலும் க்யூ என்ற ஆங்கில எழுத்தின் வால், வரிக்குக் கீழே இறங்கி, அடுத்த இரண்டு எழுத்துகளுக்கு அடியில் நீந்திப்போய்த் துடிப்போடு முடிந்தது. பெரிய ஜன்னலில், உணவகத்தின் பெயருக்குக் கீழே மூன்று வரி எழுத இடம் விட்டிருந்தார். நுன்சியா என்ன எழுதுவது என்று இன்னும் சொல்லவில்லை. சும்மா விடுவானேன் என்று, வால் அதிகமாக வருகிற மாதிரித் தானே மூன்று பதார்த்தங்களைக் கற்பனை செய்து நிரப்பியிருந்தார். குவின்ஸ் பழத்தோடு காடை. ஆங்கிலத்தில் எழுதினால் அதில் இரண்டு க்யூ. ஜாடியில் வெந்த காட்டுமுயல். அதில் மூன்று வால். புறாக்கறி அடைத்த பை. அதிலும் வாலுக்குக் குறைவில்லை.

நுன்சியா விரலை வைத்தாள். "இது என்ன, காடை?"

"அது சும்மா இடத்துக்குப் போட்டிருக்கு. நீ என்ன எழுதணும்னு சொன்னதும் மாத்திடுவேன்."

அன்று மாலையே நுன்சியா கைப்பேசியில் செய்தி அனுப்பினாள்: மூன்று வரியும் வேண்டாம், இன்றைய மீனை உள்ளே கேளுங்கள் என்று மட்டும் போடு. கிளைவ் செய்தியைத் திறந்தார். கைப்பேசியின் எழுத்து எவ்வளவு தட்டையாக, உயிரில்லாமல், ரொட்டி மாவை அமுக்கியது போல இருக்கிறது என்று பார்த்தார். பெருமூச்சு விட்டார். கட்டைவிரலை உயர்த்திக் காட்டும் பொம்மையைப் பதிலாக அனுப்பினார். அவ்வளவுதான்.

கண்ணாடியில் தங்க ரேக்கு ஒட்டுவது சாதாரண வேலை இல்லை. கடைக்குள் நின்றுகொண்டு, கண்ணாடியின் உள்பக்கத்தில், எல்லாவற்றையும் இடம் வலம் மாற்றி எழுத வேண்டும். மூச்சு விட்டால் ரேக்கு பறந்துவிடும். ஒன்பது நாள் கிளைவ் மூச்சைப் பிடித்துக்கொண்டு வேலை செய்தார். வெளிப்பக்கம் திறப்பு நாள்வரை பழுப்புக் காகிதம் ஒட்டியிருந்தது. உள்ளே இருந்து பார்த்தால் தலைகீழான கோலம்போல வளைவுகள்தான் தெரியும். நுன்சியா தினமும் அதைத் தாண்டித்தான் அடுப்படிக்குப் போனாள். "நல்லா மினுங்குது" என்றாள். அவளுக்கும் படிக்கத் தோன்றவில்லை. அதைப் படித்திருக்க வேண்டிய மனிதர் அதன் முன்னால் ஒன்பது நாள், மூக்குக்கு நாலு அங்குல தூரத்தில், உட்கார்ந்திருந்தார்.

திறப்பு விழா சனிக்கிழமை மதியம். தெருவே கூடியிருந்தது. நுன்சியா காகிதத்தைக் கிழித்தாள். வெயில் பட்டு ஜன்னல் தகதகவென்று எரிந்தது. கூட்டம் கைதட்டியது. துறைமுகத்தில் முப்பது வருடம் கிரேன் ஓட்டி ஓய்வுபெற்ற டெஸ் என்ற கிழவர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு சத்தமாகவே படித்தார்.

"காடையா! பரவால்லயே நுன்சியா. உங்கப்பா இருந்தா கடல்ல குதிச்சிருப்பாரு. எனக்கு ஒரு காடை."

"எனக்கு அந்த முயல்" என்றது இன்னொரு குரல்.

நுன்சியா மெதுவாகத் திரும்பி ஜன்னலைப் பார்த்தாள். முதல்முறையாக முழுதும் படித்தாள். அப்புறம் கிளைவைப் பார்த்தாள். கிளைவும் அப்போதுதான் படித்தார்.

அடுப்படியில் வைத்து நடந்த பேச்சு தெருவரை கேட்டது.

"சுரண்டு. இப்பவே சுரண்டு."

"நுன்சியா, பதினெட்டே நாள். பதினெட்டாம் நாள் நடுவருங்க வராங்க. விண்ணப்பம் போட்டாச்சு. வரைபடத்தப் பாத்தே கடைசிச் சுற்றுல ஆறு பேர்ல என்னையும் எடுத்திருக்காங்க. இருபத்தாறு வருஷத்துல இப்பதான் நகராத பொருள் கிடைச்சிருக்கு."

"அதுக்கு நான் என்ன பண்ண?"

கிளைவ் தொண்டையைச் செருமினார். "எழுத்து ஏற்கனவே நல்லா வந்துடுச்சு. சமையல லேசா மாத்திக்க முடியுமா?"

சட்டி ஒன்று விழுந்த சத்தம் கேட்டது. விழுந்ததா எறிந்ததா என்பதில் தெருவுக்குள் இன்றும் கருத்து வேறுபாடு உண்டு.

லியோனி இடையில் புகுந்து சமாதானம் பேசினார். பதினெட்டு நாள் ஜன்னல் இருக்கும். ஆனால் அந்தப் பதினெட்டு நாளும், கடை திறந்திருக்கும் நேரமெல்லாம், கிளைவ் வாசலில் நிற்க வேண்டும். வருகிற ஒவ்வொருவரிடமும், ஜன்னலில் எழுதியிருப்பது எதுவும் உள்ளே கிடையாது, உள்ளே இருப்பது இன்னது என்று வாயால் சொல்ல வேண்டும்.

"ஒருத்தர் காடை கேட்டு உள்ள வந்தாலும் கத்திய எடுத்துட்டு நானே சுரண்டிடுவேன்" என்றாள் நுன்சியா. "கணவா வெட்டுற கத்தி."

இப்படியாக, மாநிலத்திலேயே மிக அழகான உணவுப் பட்டியலை எழுதிய மனிதர், அதற்குப் பக்கத்திலேயே நின்று, அதை நம்பாதீர்கள் என்று சொல்லும் உத்தியோகத்துக்கு வந்து சேர்ந்தார்.

முதல் நாள் வார்த்தை சரியாக வரவில்லை. கறுப்புச் சட்டையைக் கழுத்துவரை பொத்தான் போட்டுக்கொண்டு, சாவு வீட்டு ஆள்போல நின்றார். ஒரு தம்பதி ஜன்னலைப் படித்தார்கள்.

"வந்து... அதப் பாக்கலாம். சாப்பிட முடியாது."

"பின்ன எதுக்குங்க எழுதியிருக்கு?"

"வாலுக்காக."

அவர்கள் எதிர்ச்சாரியில் இருந்த பீட்சா கடைக்குப் போய்விட்டார்கள்.

இரண்டாம் நாளிலிருந்து டெஸ் ஒரு மடக்கு நாற்காலியோடு வந்து வாசலில் உட்கார்ந்துகொண்டார். செமஃபோரில் இவ்வளவு நல்ல வேடிக்கை வந்து ரொம்ப நாளாகிறது.

"ஏன் மாப்ள, எழுதுன முட்டாள் யாரு?" அவருக்குத் தெரியும், புதிதாக வருகிறவர்கள் காதில் விழ வேண்டும் என்றுதான் கேட்பார்.

"நான்தான் டெஸ்."

"எப்பிடி இப்பிடி ஆச்சு?"

"மறந்துட்டேன்."

"என்னத்த மறந்த?"

"படிக்க."

கூட்டம் சிரிக்கும். சிரித்தவர்கள் உள்ளே போய்ச் சாப்பிட்டார்கள். நாளாக ஆக, கிளைவுக்குக் குரல் வந்தது. காலையில் நுன்சியா பெட்டிகளைத் திறக்கும்போது பக்கத்தில் நின்று மனப்பாடம் செய்துகொள்வார். "இன்னிக்கு கார்ஃபிஷ் இருக்கு, மாவு தடவிப் பொரிச்சது. கணவாய் தக்காளியில வெந்தது. நீல நண்டு பதினோரு தட்டுதான், யோசிச்சிட்டு நின்னா போயிடும். காடை கிடையாது, முயல் கிடையாது, புறா கடற்கரையில நிறைய இருக்கு, ஆனா அதுங்க நம்மளது இல்ல." இந்த வரியை ஒரே மூச்சில் சொல்லக் கற்றுக்கொண்டார். எந்த இடத்தில் நிறுத்தினால் சனங்கள் சிரிக்கிறார்கள் என்பதுகூடத் தெரிந்தது. ஆனாலும் ஆள் குறையும்போது, துணியை எடுத்து க்யூவின் வாலைத் துடைக்காமல் இருந்ததில்லை.

"பதினெட்டாம் நாள் என்ன பண்ணப்போற?" என்று கேட்டார் லியோனி. "அவங்க காடை கேட்டா?"

"தீந்துபோச்சுன்னு சொல்லுவேன்."

"நுன்சியாவுக்குக் கேட்டா?"

"மெதுவா சொல்லுவேன்."

பதினெட்டாம் நாள், புதன்கிழமை, பன்னிரண்டு மணிக்கு நடுவர்கள் வந்தார்கள். மூன்று பேர், மூன்று பேரும் கறுப்பு உடையில். ஜன்னலுக்கு முன் நின்றார்கள். ஒருவர் தலையைச் சாய்த்தார். மற்றவர் தலையை மறுபக்கம் சாய்த்தார். மூத்தவர், வெள்ளை முடியை ஒட்ட வெட்டிய ஒரு பெண்மணி, அருகில் போய், மூக்கு கண்ணாடியில் படாத குறையாக, க்யூவைப் பார்த்தார். அந்தப் பார்வை கிளைவுக்குத் தெரியும். அவரும் அப்படித்தான் பார்ப்பார்.

"அருமை" என்றார் அந்தப் பெண்மணி. "காடை நல்லா இருக்குமா இங்க?"

கிளைவ் வாயைத் திறந்தார். மெதுவாகச் சொல்ல வேண்டியதை மூன்று நாளாகக் கண்ணாடி முன் நின்று பழகியிருந்தார். ஆனால் பதினேழு நாள் பழக்கம் முந்திக்கொண்டது.

"இன்னிக்கு கார்ஃபிஷ் இருக்கு, மாவு தடவிப் பொரிச்சது. நீல நண்டு ஒம்பது தட்டுதான். காடை கிடையாது, முயல் கிடையாது, புறா கடற்கரையில நிறைய இருக்கு..."

பாதியில் நிறுத்தினார். முகம் வெளுத்துவிட்டது.

நடுவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இரண்டாவது நடுவர், தடித்த சட்டமுள்ள மூக்குக்கண்ணாடி போட்டவர், கண்ணை விரித்தார். "ஓ! புரியுது. இல்லாத உணவோட பட்டியல். எழுத்துங்கிறது பொருள விட்டு விடுதலையாகிற இடம். நீங்களே வாசல்ல நின்னு அத மறுக்கிறீங்க. இதுவும் படைப்புல சேர்ந்ததுதானே? வேணும்னே பண்ணதுதானே?"

வாழ்க்கையில் கிளைவுக்குக் கிடைத்த மிகப் பெரிய வசதி அது. ஒரு வார்த்தைகூடத் தேவையில்லை. தலையை ஆட்டினால் போதும். ஆட்ட ஆரம்பித்தும்விட்டார்.

"என்ன மாப்ள தலைய ஆட்டுற?" என்றார் டெஸ், நாற்காலியிலிருந்து. "மறந்துட்டேன்னுதானே எங்ககிட்ட சொன்ன? இருவது தடவ சொன்ன. என்கிட்டயே இருவது தடவ."

உள்ளே நுன்சியா கத்தியோடு நின்றாள். கணவாய் பாதி வெட்டியபடி பலகையில் கிடந்தது.

கிளைவின் தலை பாதி ஆட்டத்தில் நின்றது. ஜன்னலைப் பார்த்தார். டெஸ்ஸைப் பார்த்தார். இந்தப் பதினேழு நாளில் தெரு முழுக்க எத்தனை பேரிடம் அதைச் சொல்லியிருக்கிறோம் என்று எண்ணிப் பார்த்தவர் போலத் தெரிந்தது.

"மறந்துதாங்க போயிட்டேன்" என்றார். "இடத்துக்குப் போட்டத எடுக்காம விட்டுட்டேன். படிச்சுப் பாக்கல." பிறகு, தாங்க முடியாமல், "ஆனா க்யூ நல்லா இருக்குல்ல?"

மூக்குக்கண்ணாடிக்காரர் ஏமாந்துபோனார். வெள்ளை முடிப் பெண்மணி மட்டும் இன்னொரு தடவை ஜன்னலைப் பார்த்தார்.

"ரொம்ப நல்லா இருக்கு" என்றார். "நண்டு இன்னும் ஒம்பது இருக்கா?"

மூன்று பேரும் உள்ளே போய் இரண்டு மணி நேரம் சாப்பிட்டார்கள். பரிசை ஒரு ஜின் பாட்டிலின் லேபிளுக்குக் கொடுத்தார்கள். அதை வடிவமைத்தவர் மேடையில், ஜின் தனக்குக் குமட்டும் என்று பெருமையாகச் சொன்னாராம். கிளைவின் ஜன்னல் பற்றி அறிக்கையில் ஒரே ஒரு வாக்கியம் இருந்தது: கடையோடு தொடர்பில்லாத அழகு. லியோனி அதை வாய்விட்டுப் படித்துக் காட்டினார். கிளைவ் தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, வரிகளுக்கு நடுவே இடம் போதவில்லை என்றார். அதற்குப் பிறகு ஒரு வாரம் கொட்டகைப் பக்கம் போகவில்லை.

ஜன்னலை அவரே சுரண்டினார். நடுவர்கள் வந்த வாரமே, வெள்ளிக்கிழமை காலை பிளேடோடு வந்து, பெயரை மட்டும் விட்டுவிட்டு, மூன்று வரியையும் எடுத்தார். ஒன்பது நாள் ஒட்டியது நாற்பது நிமிடத்தில் வந்துவிட்டது. தங்கத் தூளை ஒரு பழைய ஜாம் பாட்டிலில் கூட்டி அள்ளினார். நுன்சியா துடைத்த கண்ணாடி வழியாக வெளியே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"சரி, அந்த இடத்துல என்ன எழுத?" என்றார் கிளைவ்.

"ஒண்ணும் எழுதாத. நீயே நில்லு."

"என்னது?"

"நேத்து டெஸ் தவிர பதிமூணு பேரு, கிளைவ் எங்கன்னு கேட்டுட்டு வந்தாங்க. வியாழன்ல இருந்து ஞாயிறு வரைக்கும் மத்தியானம் நில்லு. சம்பளம் தரேன். சாப்பாடும். கார்ஃபிஷ் சர்க்கரைக்கு நல்லதுன்னு உன் பொண்டாட்டிதான் சொன்னா."

கிளைவ் யோசிக்க நேரம் கேட்டார். பட்டம் வாங்கியவர், வாசலில் நின்று மீன் பெயர் சொல்வதாவது? கடீனாவில் தெரிந்தால் என்ன நினைப்பார்கள்? கால் மணி நேரம் யோசித்தார். அதற்குள் மூன்று குடும்பம் வந்து, நண்டு இருக்கிறதா என்று அவரிடமே கேட்டுவிட்டது. அவரும் சொல்லிவிட்டார்.

ஒரு நிபந்தனை மட்டும் போட்டார். வாசலில் நிற்பவருக்குச் சட்டையில் குத்திக்கொள்ள ஒரு பெயர்ப் பட்டை வேண்டும். அதை அவரே வடிவமைப்பார். நுன்சியா சரி என்றாள். அது நடந்து ஐந்து மாதமாகிறது. பட்டை இன்னும் வரவில்லை. இரண்டாவது எழுத்தில் ஏதோ சிக்கலாம். அதுவரை யாராவது பெயர் கேட்டால், கிளைவ் வாயால் சொல்லிக்கொண்டிருக்கிறார்.